சிம்னியில் 1200 என்று போட்டிருக்கிறது, ஏழரை மீட்டர் குழாய்க்கு அப்பால் காற்றே வரவில்லை

#1 ஏழாம்மாடி
ஞாயிறு, காலை 9:40

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஏழாவது மாடி, சொந்த வீடு. கிழக்கு பார்த்து நின்றுதான் சமைக்க வேண்டும் என்று மாமனார் ஒரே பிடியாக நின்றதால், கட்டுநர் போட்டுக் கொடுத்த மேடையை இடித்து எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது எங்கள் வீட்டு ஹால். ஆகவே சிம்னிக் குழாய் மேலே ஏறி, ஃபால்ஸ் சீலிங்குக்குள் நுழைந்து, உத்தரம் ஒன்றைச் சுற்றிக்கொண்டு, யுடிலிட்டிச் சுவரில் வெளியே போகிறது. அளந்து பார்த்தேன், மொத்தம் ஏழரை மீட்டர்.

இயந்திரத்தின் மேல் மணிக்கு 1200 கன மீட்டர் என்று ஒட்டியிருக்கிறார்கள். மிளகாய் தாளித்தால் ஹாலில் தொலைக்காட்சி பார்ப்பவர் தும்முகிறார். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரிக் கதவில் விரல் வைத்தால் ஒட்டுகிறது. சத்தம் மட்டும் மாவு மில்தான். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பழுது பார்க்க வந்தவர் வடிகட்டியில் ஒரு காகிதத்தை ஒட்டிக் காட்டி, "நன்றாகத்தான் இழுக்கிறது அம்மா, உங்கள் சமையலுக்கு 1500 வேண்டும்" என்று புதிய இயந்திரத்தின் விலைப்பட்டியலை நீட்டினார். வாங்கத்தான் வேண்டுமா?

#2 மூன்றுகாய்ச்சாம்பார்
ஞாயிறு, காலை 10:05

வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் 1500தான், ஒரு தொந்தரவும் இல்லை. எங்களுடைய குழாய் இரண்டடிதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

#3 தகரக்கடை
ஞாயிறு, காலை 10:31

சகோதரி, பணத்தைக் கொஞ்சம் பத்திரமாக வையுங்கள். இருபது வருடமாக ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் டக்ட் அடித்துக் கொடுக்கிறேன். குழாய் சரியில்லாத இடத்தில் பெரிய இயந்திரம் மாட்டினால் சத்தம்தான் பெரிதாகும்.

காகிதத்தை ஒட்டிக் காட்டுவது ஒரு சோதனையே இல்லை. ஒரு தாளைப் பிடித்து வைக்க எத்தனை காற்று வேண்டும்? முழங்கை உயரத்து மேசைவிசிறிக்குப் பின்னாலும் தாள் ஒட்டும். வெளிவாயில் என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் சொல்லுங்கள். குழாய் எது, வெள்ளிக் காகிதம் போல் சுருங்கி விரியும் ஃபிளெக்ஸா, தகரமா, பிவிசியா? சிம்னி வாயில் எத்தனை அங்குலம், சுவர்த் துளையில் எத்தனை அங்குலம்? வெளியே மூடிக்குள் வலை இருக்கிறதா? சிம்னியைப் போடும்போது மேலே "டக்" என்று ஒரு சிறு சத்தம் கேட்கிறதா?

#4 ஏழாம்மாடி
ஞாயிறு, பகல் 12:15

ஏணி போட்டு ஒரு சீலிங் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டேன், தலையெல்லாம் ஒட்டடை. ஃபிளெக்ஸ்தான். சிம்னி வாய் 6 அங்குலம், சுவரில் 4 அங்குலம். கட்டுநர் முதலிலேயே விட்டிருந்த துளை அதுதானாம், பொருத்த வந்தவர் குழாயைக் கையால் கசக்கி அதற்குள் திணித்திருக்கிறார். உத்தரத்தின் அடியில் குழாய் தொட்டில் மாதிரி தொங்குகிறது, அந்த இடத்தில் தொட்டால் கனமாக இருக்கிறது. வெளியே குடை மூடி, உள்ளே கொசுவலை. "டக்" சத்தம் கேட்டதாக நினைவில்லை.

#5 தகரக்கடை
ஞாயிறு, பகல் 12:40

கனமாக இருப்பது எண்ணெய். இரண்டு வருடத்து வறுவல் முழுவதும் அந்தத் தொட்டிலில் படுத்திருக்கிறது. கொசுவலையை இன்றைக்கே கிழித்து எறியுங்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் அது வலையாக இருக்காது, கம்பளியாகிவிடும். புறாவுக்கு வேண்டுமானால் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை போதும்.

#6 கணக்குப்பிள்ளை
ஞாயிறு, பகல் 2:20

தகரக்கடை அண்ணன் அனுபவத்தில் சொன்னதற்குக் கணக்கு இதோ.

பெட்டியில் போடும் 1200 என்பது பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாதபோது விசிறி தள்ளும் அளவு. குழாய் மாட்டிய கணமே அது இறங்கத் தொடங்கும். எவ்வளவு இறங்கும் என்பதைக் குழாய்தான் தீர்மானிக்கிறது.

6 அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு 28 சதுர அங்குலம் சொச்சம். 4 அங்குலத்துக்கு 12.6தான். பாதிகூட இல்லை. ஆனால் பரப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஒரே அளவு காற்றை ஒரே நீளத்தில் தள்ளும்போது, உராய்வால் வரும் எதிர்ப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறும். 6-ஐ 4-ஆல் வகுத்தால் 1.5. அதன் ஐந்தாம் அடுக்கு 7.6. அதாவது ஏழரை மடங்கு. பெயரும் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. உங்களுக்குக் குழாய் முழுவதும் 4 அல்ல, கடைசியில் மட்டும்தான். ஆனாலும் கழுத்தை எந்த இடத்தில் நெரித்தால் என்ன?

வேகத்தையும் பாருங்கள். மணிக்கு 540 கன மீட்டர் போக வேண்டுமென்றால் 6 அங்குலக் குழாயில் காற்று நொடிக்கு 8.2 மீட்டர் ஓடும். 4 அங்குலத்தில் நொடிக்கு 18.5 மீட்டர், மணிக்குக் கிட்டத்தட்ட 67 கிலோமீட்டர். சீழ்க்கை ஊதாமல் என்ன செய்யும்?

ஃபிளெக்ஸின் உட்புறம் படிக்கட்டு மாதிரி. இழுத்து நேராகக் கட்டினால் பரவாயில்லை. இழுக்காமல் சுருக்கமாக விட்டால் எதிர்ப்பு வழவழப்பான குழாயைப் போலப் பல மடங்கு. அதோடு செங்குத்தான ஒவ்வொரு திருப்பமும் உத்தேசமாக மூன்று மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம். உங்கள் ஏழரை மீட்டர், காற்றின் கணக்கில் எங்கேயோ போய் நிற்கிறது.

#7 பழையஓட்டுவீடு
ஞாயிறு, மாலை 4:02

எங்கள் பாட்டி வீட்டுச் சமையற்கட்டில் கூரையை ஓரடி தூக்கி வைத்து ஒரு புகைக்கூண்டு. சுவிட்ச் இல்லை, மாதச் செலவு இல்லை. சூடான காற்று தானாக மேலே போனது.

#8 வத்தக்குழம்பு
ஞாயிறு, மாலை 4:10

போனது உண்மைதான் ஐயா, போகாத மிச்சம் பாட்டியின் கண்ணில் தங்கியது. என் ஆச்சி ஐம்பது வயதிலேயே ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவார்.

#9 கணக்குப்பிள்ளை
ஞாயிறு, மாலை 5:30

காற்று எவ்வளவு வருகிறது என்று வீட்டிலேயே அளக்கலாம், கருவி வேண்டாம். கொள்ளளவு அச்சிட்ட பெரிய குப்பைப் பை ஒன்று வாங்குங்கள். காற்றே இல்லாமல் தட்டையாக்கி, வெளிவாயில் மூடிக்கு மேல் சுற்றிப் பிடியுங்கள். சிம்னியைப் போட்டு, பை உப்பி விறைக்க எத்தனை நொடி என்று பாருங்கள். 100 லிட்டர் பை ஒரு நொடியில் நிறைந்தால் மணிக்கு 360 கன மீட்டர். துல்லியமில்லைதான், ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. ஏழாவது மாடி என்பதை மறக்க வேண்டாம், யுடிலிட்டிக் கம்பிக்கு உள்ளே நின்றே செய்யுங்கள்.

#10 ஏழாம்மாடி
திங்கள், இரவு 8:55

120 லிட்டர் பை. வெளிவாய் யுடிலிட்டிக் கம்பிக்குள்தான் இருக்கிறது, பயம் இல்லை. கொசுவலையை எடுத்த பிறகும் நான்கு நொடி.

#11 கணக்குப்பிள்ளை
திங்கள், இரவு 9:03

நொடிக்கு 30 லிட்டர், மணிக்கு 108 கன மீட்டர். விலை கொடுத்து வாங்கிய 1200-இல் பத்தில் ஒரு பங்குகூட வீட்டைத் தாண்டவில்லை.

#12 தகரக்கடை
திங்கள், இரவு 9:20

இது குழாயால் மட்டும் வருகிற குறை இல்லை, வேறு ஏதோ அடைத்திருக்கிறது. "டக்" சத்தத்தைக் கேட்டேன் அல்லவா, அங்கே போவோம். சிம்னியின் தலையில், குழாய் மாட்டும் வட்டக் கழுத்துக்குள் மெல்லிய பிளாஸ்டிக் மடல் ஒன்று இருக்கும். காற்று போகும்போது திறக்கும், நின்றால் விழுந்து மூடிக்கொள்ளும். வெளிக்காற்றும் பூச்சியும் உள்ளே வராமலிருக்க அது. மேலே உள்ள எவர்சில்வர் உறையைக் கழற்றி, குழாயைப் பிரித்து, விரலால் தள்ளிப் பாருங்கள். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

#13 ஏழாம்மாடி
செவ்வாய், இரவு 10:12

அண்ணா, என்ன சொல்வது என்று தெரியவில்லை.

குழாய் கழன்று வந்துவிடக் கூடாது என்று பொருத்தியவர் கழுத்தைச் சுற்றி நான்கு திருகாணி அடித்திருக்கிறார். அதில் ஒன்றின் முனை உள்ளே நீட்டிக்கொண்டு, மடலின் ஒரு பாதியைத் திறக்கவே விடாமல் பிடித்திருக்கிறது. மறுபாதி எண்ணெய்ப் பிசினில் ஒட்டிக் கால்வாசிதான் திறக்கிறது. இரண்டு வருடமாக இந்த இயந்திரம் மூக்கை அடைத்துக்கொண்டு மூச்சு விட்டிருக்கிறது. அந்தத் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு என் கணவர் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

திருகாணியை எடுத்து, மடலை வெந்நீரில் கழுவி மாட்டினேன். பை இப்போது இரண்டு நொடியில் நிறைகிறது. "டக்" சத்தமும் வந்துவிட்டது.

#14 தகரக்கடை
செவ்வாய், இரவு 10:30

இதை நான் பத்து வீட்டிலாவது பார்த்திருப்பேன். கழுத்தில் திருகாணி அடிக்கவே கூடாது. பட்டை இறுக்கி ஒன்றைப் போட்டு முறுக்கி, அதன் மேல் அலுமினியம் ஒட்டுநாடா சுற்றினால் போதும். துணி நாடா வேண்டாம், சூட்டில் பசை உருகி உரிந்து தொங்கும்.

மீதிப் பாதியைக் குழாயில் பிடிப்போம். ஃபிளெக்ஸை எறிந்துவிட்டு 6 அங்குல ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய தகரக் குழாய் போடுங்கள். திருப்பத்தில் கூர்மையான எல்போ வேண்டாம், அகலமாக வளைந்து போவது வேண்டும். சிம்னியிலிருந்து வெளிவாய் வரை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் சரிவு கொடுங்கள், ஏழரை மீட்டருக்கு ஏழரை சென்டிமீட்டர். எண்ணெய் வெளியே வடியட்டும், மோட்டாருக்குத் திரும்பி வரக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் கையை விட்டுத் துடைக்க ஒரு மூடி வையுங்கள். ஓட்டல் டக்டில் அந்தக் கதவு இல்லாமல் நான் அடித்துக் கொடுக்கவே மாட்டேன், வீட்டுக்காரர்கள்தான் இருநூறு முந்நூறு ரூபாய்க்குப் பார்த்து வேண்டாம் என்பார்கள்.

#15 மூன்றுகாய்ச்சாம்பார்
புதன், காலை 7:48

பிவிசி போடலாமே? வழவழப்பு, துருப்பிடிக்காது, எந்தக் கடையிலும் கிடைக்கும். எங்கள் குழாய்க்காரர் எல்லா வீட்டுக்கும் அதைத்தான் போடுகிறார்.

#16 தகரக்கடை
புதன், காலை 8:15

போடுகிறார்கள், தெரியும். சாதாரண நாளில் அதற்கு ஒன்றும் ஆகாது, குழாய்க்குள் போகிற காற்று அவ்வளவு சூடு இல்லை. ஆகாத நாளை நினைத்துப் பாருங்கள். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்து, சுவாலையைச் சிம்னி மேலே இழுக்கிறது, குழாயின் உட்சுவரில் எண்ணெய்ப் படலம். தகரம் தாங்கும். பிவிசி எண்பது டிகிரிக்கே இளகித் தொய்ந்துவிடும், எரிந்தால் அதன் புகை நெஞ்சை அரிக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஏழரை மீட்டர் அதை ஓட்ட நான் உடன்பட மாட்டேன்.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வாணலியில் தீ பிடித்தால் முதலில் அடுப்பையும் சிம்னியையும் அணையுங்கள், மூடி போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

#17 கணக்குப்பிள்ளை
புதன், காலை 9:10

உடன்படுகிறேன், ஒரு திருத்தத்தோடு. சுவர்த் துளையைப் பெரிதாக்காமல் 6 அங்குலத் தகரம் போட்டால் பாதி பலன் போய்விடும். ஆனால் துளையைப் பெரிதாக்கக் கோர் கட்டிங்காரரை உடனே கூப்பிட்டுவிடாதீர்கள். செங்கல் நிரப்பிய சுவர் என்றால் கவலை இல்லை. சமீபத்திய அடுக்ககங்கள் பலவற்றில் சுவர் முழுவதையும் கான்கிரீட்டிலேயே வார்த்துவிடுகிறார்கள், அங்கே சுவர்தான் தூண். உத்தரத்திலோ அந்தச் சுவரிலோ துளையிடுவது உங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை, மேலே எத்தனை மாடி இருக்கிறதோ அத்தனை வீட்டு விஷயம். சங்கத்தில் வரைபடம் கேளுங்கள்.

#18 ஏழாம்மாடி
புதன், இரவு 9:25

கான்கிரீட் சுவர்தான். சங்கச் செயலாளர் கேட்டவுடனே தலையை ஆட்டிவிட்டார். குழாயைப் பொதுக் காற்றுக்குழியில் விட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

#19 தகரக்கடை
புதன், இரவு 9:50

விடாதீர்கள். அந்தக் குழியில்தான் எல்லோருடைய குளியலறை ஜன்னலும் திறக்கிறது. நீங்கள் கருவாடு வறுத்தால் நான்காம் மாடிக்காரர் சோப்புப் போட்டும் பயனில்லை.

யுடிலிட்டி ஜன்னலில் மேல் வென்டிலேட்டர் கண்ணாடி இருக்குமே? ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே அளவில் அலுமினியத் தகடு, நடுவில் ஆறேகால் அங்குல வட்டம். சுவரைத் தொடவே வேண்டாம். வீட்டை விற்கும்போது பழைய கண்ணாடியை மாட்டிவிடலாம்.

#20 குசினிக்காரன்
வியாழன், அதிகாலை 3:14

ரொறொன்ரோவிலிருந்து எழுதுகிறேன், அதனால்தான் இந்த நேரம். எங்கள் குசினியின் குழாய் கூரைக்கும் மேற்தட்டுக்கும் இடைப்பட்ட குளிர்ந்த வெளி வழியாகப் போகிறது. பனிக்காலத்தில் புட்டு அவித்தால் அந்த நீராவி குழாய்க்குள் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக அடுப்பின் மேலேயே திரும்பி விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று ஆள் கூப்பிட்டுக் காசு கொடுத்தேன். கடைசியில் குழாயைச் சுற்றிக் கண்ணாடிநார்ப் போர்வை கட்டியதும் நின்றது. சென்னையில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் ஏசி அறையின் மேலாகக் குழாய் போனால் அந்தப் பகுதியைப் பாருங்கள்.

#21 வத்தக்குழம்பு
வியாழன், காலை 6:30

எல்லோரும் குழாயையே பேசுகிறீர்கள், முகத்தைக் கழுவுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சகோதரி, தடுப்புப் பட்டை வடிகட்டியா, அலுமினிய வலையா? எவர்சில்வர் பட்டை என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அகலமான பேசினில் கொதிநீர் ஊற்றி, இரண்டு கரண்டி சலவைச் சோடா போட்டு அரைமணி ஊறவிட்டுத் தேய்த்தால் புதிது போல வரும். அலுமினிய வலைக்குச் சோடாவே வேண்டாம், கறுத்துவிடும். பாத்திரம் கழுவும் திரவமே போதும். சுத்தம் செய்ய வருகிறவர்கள் சிலர் காஸ்டிக் கரைசல் அடிப்பார்கள். அலுமினியத்தை அது அரித்துத் தின்னும், நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

தானே சுத்தம் செய்துகொள்ளும் பொத்தான் இருக்கிறதே என்று நானும் ஒரு வருடம் நம்பினேன். அது விசிறிக் கூட்டைச் சூடாக்கி, அங்குள்ள எண்ணெயை உருக்கிக் கிண்ணத்தில் விடும், அவ்வளவுதான். வடிகட்டி இல்லாத வகையில் அதுவும் இல்லாவிட்டால் வேறு கதியில்லை. குழாய்க்குள் இருப்பது குழாய்க்குள்ளேயேதான். அந்தக் கிண்ணத்தையும் வாரம் ஒருமுறை எடுத்துக் கொட்டுங்கள், என் நாத்தனார் வீட்டில் அது நிரம்பி ரசத்தில் சொட்டியது.

#22 இணைவிசிறி
வியாழன், பகல் 11:05

குழாயின் நடுவில் ஒரு துணை விசிறி வைத்தால் வேலை எளிதாக முடியுமே? கடையில் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன்கூட வைக்கலாம் என்கிறார்கள்.

#23 கணக்குப்பிள்ளை
வியாழன், பகல் 11:40

சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கை சுவரில் துளைக்கு நேராகக் காற்றைத் தள்ளுவதற்கு. எதிர்ப்பு வந்தால் காற்று இறக்கையைச் சுற்றித் திரும்பிவிடும், நீண்ட குழாய்க்கு அது ஆகாது. சிம்னிக்குள் இருப்பது அணில்கூண்டு மாதிரி சுழலும் பிளோயர், அது அழுத்தம் கொடுக்கக்கூடியது. குழாய்க்கென்றே செய்த துணை விசிறி உண்டு, அதை வெளிவாய்க்குப் பக்கத்தில் வைத்தால் உதவும். ஆனால் சுத்தம் செய்ய இரண்டாவது மோட்டார் ஒன்றைச் சீலிங்குக்குள் ஒளித்து வைப்பதாகும். முதலில் பாதையைச் சரிசெய்யட்டும்.

#24 நீலச்சுடர்
வியாழன், மாலை 6:18

ஒரு கேள்வி. யுடிலிட்டியில் கேஸ் கீசர் இருக்கிறதா?

#25 ஏழாம்மாடி
வியாழன், மாலை 6:45

இருக்கிறது. ஏன்?

#26 நீலச்சுடர்
வியாழன், மாலை 7:10

இதுவரை உங்கள் சிம்னி இழுக்கவே இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை. இனி இழுக்கும். மணிக்கு 500 கன மீட்டர் வெளியே போனால் அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஏசிக்காக ஹால் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தால், திறந்திருக்கும் ஒரே வழி யுடிலிட்டிக் கதவு. கீசர் எரியும்போது அதன் புகையும் சேர்ந்து வீட்டுக்குள் வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் நிறமோ வாசனையோ தெரியாது. தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம்.

சிம்னி ஓடும்போது யுடிலிட்டிப் பக்கம் அல்லாத ஒரு ஜன்னலை நான்கு விரற்கடை திறந்து வையுங்கள். கீசரையும் சிம்னியையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள், முடிந்தால் மின் கீசருக்கு மாறிவிடுங்கள். ஜன்னலைத் திறந்தால் சிம்னியின் இழுப்பும் கூடும். மூடிய வீட்டில் எந்த இயந்திரமும் திணறத்தான் செய்யும்.

#27 தகரக்கடை
வியாழன், இரவு 8:02

இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி ஐயா. இனி நான் போகிற வீட்டிலெல்லாம் கேட்பேன்.

#28 ஏழாம்மாடி
மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5:50

வேலை முடிந்தது. உள்ளூர்த் தகரக்காரர் ஒருவர் இரண்டு நாளில் செய்து கொடுத்தார். 6 அங்குல ஜிஐ, அகலமான இரண்டு வளைவு, இரண்டு மூடி, வெளியே சாய்வு, வென்டிலேட்டரில் அலுமினியத் தகடு. பழைய ஃபிளெக்ஸை இறக்கியபோது உத்தரத்தடித் தொட்டிலிலிருந்து முக்கால் லிட்டர் கறுப்பு எண்ணெய் கொட்டியது. மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

பைச் சோதனையைக் கண்ணால் எண்ண முடியவில்லை. கைபேசியில் படம் பிடித்து, நொடிக்கு 30 சட்டகம் என்று எண்ணினோம், 24 சட்டகத்தில் பை விறைத்துவிட்டது.

#29 கணக்குப்பிள்ளை
சனி, மாலை 6:04

0.8 நொடி. மணிக்கு 540 கன மீட்டர். 108-லிருந்து ஐந்து மடங்கு, அதே இயந்திரம். 1200 வரவில்லையே என்று வருந்த வேண்டாம், அந்த எண் அட்டைப்பெட்டியோடு போய்விட்டது.

#30 ஏழாம்மாடி
சனி, மாலை 6:20

இரண்டாம் வேகத்திலேயே போதுமாக இருக்கிறது, ஹாலில் பேச்சுக் கேட்கிறது. கீசரை மாற்றச் சொல்லியாகிவிட்டது, அதுவரை காலையில் குளியல் முடிந்த பிறகுதான் தாளிப்பு.

ஒரே ஒரு புதுத் தொல்லை. மதியம் வஞ்சிரம் வறுத்தேன். கால்மணி நேரத்தில் எட்டாம் மாடி அம்மா அழைப்புமணி அடித்து, "எங்கள் வீட்டில் இன்றைக்குச் சங்கடஹர சதுர்த்தி" என்றார்.

#31 தகரக்கடை
சனி, மாலை 6:41

குடை மூடியின் வாய் மேல்நோக்கி இருக்கிறது, நீங்கள் போட்ட படத்திலேயே தெரிகிறது. இரண்டு போல்ட்டைத் தளர்த்தி வாயைக் கீழ்ப்பக்கம் திருப்புங்கள், மழைத்தண்ணீரும் உள்ளே வராது. ஐப்பசி பிறப்பதற்குள் செய்துவிடுங்கள்.